ஒளி மேலே விழுந்தால் விரிசல் மூடுகிறது, தள்ளி விழுந்தால் திறக்கிறது: ஏன்?

காலாப்பட்டு_மெக்:
வணக்கம். 2024-டி3 என்ற விமான அலுமினியக் கலவைத் தகடு, 600×400 மி.மீ., கனம் 2 மி.மீ., கருப்புப் பெயிண்ட் அடித்தது. நடுவில் ரிவெட் துளையிலிருந்து 12 மி.மீ. விரிசல். 60 மி.மீ. ஹாலஜன் ஒளிவட்டம் 10 நொடியில் 30லிருந்து 120 டிகிரிக்கு ஏற்றுகிறது. ஒளி விரிசல்மேல் விழுந்தால் மூடிக்கொள்கிறது. விரிசல் ஓடும் அதே கோட்டில் ஒளியைத் தள்ளி வைத்தால் திறக்கிறது. தகட்டை எங்கும் இறுக்கவில்லை. விமானத் தோலிலும் (வெளித் தகட்டிலும்) இப்படித்தானா?

முதுநகர்_ஏஎம்இ:
இப்படித்தான் தம்பி. சூடான வட்டம் விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. வட்டத்துக்குள் எல்லாத் திசையிலும் அமுக்கம். வெளியே, வட்டத்தைச் சுற்றிப் போகும் திசையில் இழுவிசை. மீள்மை எண் 73 கிகாபாஸ்கல் × விரிவுக் கெழு 0.000023 × 90 டிகிரி, அதில் பாதி: சுமார் 75 மெகாபாஸ்கல். விளிம்பைத் தாண்டியதும் அதே 75 இழுவிசையாகி, தள்ளிப் போகப் போகக் குறையும். வட்டத்தை நோக்கி நீளும் விரிசலை அது குறுக்கே இழுத்துத் திறக்கிறது. சூடு கசிந்து பரவுவதால் நிஜத்தில் இன்னும் குறைவாக வரும்.

வெப்பம் பரவும் வேகம் முக்கியமாவது இங்கேதான். 2 மி.மீ. கனத்தைக் கடக்க வெப்பத்துக்கு 0.1 நொடி போதும், முன்பக்கம் பின்பக்கம் என்ற பேச்சே வேண்டாம். பக்கவாட்டில் 50 மி.மீ. பரவச் சுமார் 50 நொடி. டைட்டேனியம் 6-4 கலவை என்றால் கால் மணி நேரம்! விரிவு குறைந்த உலோகம்தான், ஆனால் இழுவிசை அவ்வளவு நேரம் தங்கும்.

லாஸ்பேட்டை_என்டிடி:
சோதனை செய்பவர்களுக்கு ஒன்று. சூட்டில் இறுகிய விரிசலுக்குள் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சாயத் திரவம்) நுழையாது. பாகம் 4 முதல் 52 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாத வெயிலில் நின்ற இறக்கையை நிழலில் ஆறவிட்டு, தொடு வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகே தடவுங்கள். நம் கடலோரத்தில் விரிசலுக்குள் உப்பும் ஈரமும் இருக்கும். கழுவி உலர்த்தாவிட்டால் குறி வராது.

காலாப்பட்டு_மெக்:
ஹீட் பிளாங்கெட் (சூடேற்றும் விரிப்பு) போட்டு, விரிசல்மேல் போரான் இழை-எபாக்சி ஒட்டுத் துண்டைப் பசையால் ஒட்டும்போது எப்படி, சார்?

முதுநகர்_ஏஎம்இ:
அங்கே ஆறும்போதுதான் ஆபத்து. ஒட்டின் விரிவுக் கெழு அலுமினியத்தில் ஐந்தில் ஒன்று. 120 டிகிரியில் பசை இறுகிவிட்டால், ஆறும்போது தகடு சுருங்கப் பார்க்கும், ஒட்டு பிடித்துக்கொள்ளும். அந்த இழுவிசை தகட்டிலேயே தங்கி விரிசலைத் திறந்து வைக்கும். பழுதுக் கையேடு அனுமதித்தால், எஃப்எம்73 பசையை 120இல் 1 மணி நேரம் வைப்பதற்குப் பதில் 80இல் 8 மணி நேரம் வையுங்கள். சூடேற்றும் வேகம் நிமிடத்துக்கு 1 முதல் 3 டிகிரி. தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) ஒன்று விரிசல் முனையருகே, இன்னொன்று உள்பக்க ஸ்ட்ரிங்கர் (தகட்டை விறைப்பாக்கும் நீளப் பட்டை) ஓடும் இடத்தில். சூட்டை உறிஞ்சுவது ஸ்ட்ரிங்கர், அந்த இடம்தான் கடைசியில் 80ஐத் தொடும். 8 மணி நேரத்தை அங்கிருந்து எண்ணுங்கள்.