பவளப்பாறைக்கு எப்படி விலை போடுவது? கேள்வித்தாளுக்கு உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். மன்னார் வளைகுடா பவளப்பாறைகளின் சுற்றுலா மதிப்பையும் பாதுகாப்பு மதிப்பையும் ரூபாயில் கணக்கிடுவதுதான் என் முதுகலைப் பொருளாதார ஆய்வு. பயணச் செலவு முறையை, அதாவது வந்துபோக மக்கள் செய்யும் செலவை வைத்து ஓர் இடத்தின் மதிப்பைக் கணிப்பதை எடுத்தேன், அங்கேதான் முட்டுகிறது. ஏர்வாடியில் பவளம் பார்க்க அடியில் கண்ணாடி வைத்த படகு ஏறுகிறவர்களில் பலர் தர்காவுக்கோ ராமேசுவரம் கோயிலுக்கோ வந்த கையோடு எட்டிப் பார்க்கிறவர்கள், மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்த செலவில் சாமிக்கு எவ்வளவு, பவளத்துக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? நேரத்தை வைத்துப் பிரி என்கிறார் என் ஆய்வு வழிகாட்டி. எனக்கு மனசு ஒப்பவில்லை.

அப்புறம், ‘பாதுகாக்க எவ்வளவு தருவீர்கள்?’ என்ற கேள்வி. கரீபியனில் பொனேர் தீவில் 1992-லேயே முக்குளிப்பவர்களிடம் ஆளுக்கு 10 டாலர் வாங்கி கடல் பூங்காவை நடத்தினார்கள், சுற்றுலாக்காரர்களிடம் அது சரி. விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தட்டு கட்டி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் மன்னார் வளைகுடாப் பெண்களிடம் அதையே கேட்டால் நியாயமா? 1986-ல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து 21 தீவுப் பக்கமும் கெடுபிடியைத் தாங்குவதே அவர்கள்தான். பணத்துக்குப் பதில் எத்தனை நாள் வேலை தருவீர்கள் என்று கேட்கலாமா?

சுண்ணாம்புக்குப் பவளம் வெட்டியதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி தீவுகள் கடலுக்குள் போனதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதும் குழப்பம்.

இப்படி ஆய்வு செய்தவர்கள் கேள்வித்தாள் இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள், தமிழில் என்றால் ரொம்ப நல்லது. வேதாளை, மண்டபம் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால், பாசிக்குப் போகாத நாள் எது என்று மட்டும் சொல்லுங்கள், அன்றைக்கு வந்து பேசுகிறேன்.