10-க்கு 9 அறை, வயது 54, எலும்பு அடர்த்தி குறைவு: வீட்டுக்கு எந்த ஜிம் இயந்திரம் வாங்கலாம்?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வயது 54, எடை 62 கிலோ. மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆகிறது. போன மார்ச்சில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி ஸ்கோர், முதுகுத்தண்டில் மைனஸ் 1.9, இடுப்பில் மைனஸ் 1.6. மைனஸ் 2.5-ஐத் தொட்டால்தான் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புத் தேய்வு நோய், நீங்கள் அதற்கு முந்தின கட்டத்தில் இருக்கிறீர்கள் என்றார் டாக்டர். நடைப்பயிற்சி மட்டும் போதாது, எடை தூக்கிப் பழகுங்கள் என்றும் சொன்னார்.

என் அம்மா 71 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதற்கப்புறம் பதினான்கு மாதம் கட்டிலிலேயேதான் இருந்தார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். அதனால் இந்த விஷயத்தைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

கோடை விடுமுறையில் இரண்டு மாதம் பக்கத்துத் தெரு ஜிம்முக்குப் போனேன். அங்கே ஒரு பெண் பயிற்சியாளர் இருக்கிறார், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மேலிருந்து கம்பியைக் கீழே இழுப்பதில் 20 கிலோ, காலால் தள்ளுவதில் 50 கிலோ வரை வந்தேன். பள்ளி திறந்ததும் நின்றுபோனது. பெண்களுக்கான நேரம் காலை 11 முதல் மாலை 4 வரை. அந்த நேரத்தில் நான் வகுப்பில் இருப்பேன்.

வாடகை வீடு, இரண்டாவது மாடி. 10-க்கு 9 அடி அறை ஒன்று இருக்கிறது. பீரோவும் தையல் மெஷினும் போக ஆறரை அடிக்கு ஐந்து அடி இடம் மிஞ்சும். மின்விசிறியின் இறக்கை தரையிலிருந்து எட்டு அடி உயரத்தில் சுற்றுகிறது. கையில் 50,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். பார்த்து வைத்தவை மூன்று.

முதலாவது, 72 கிலோ எடை அடுக்கோடு வரும் மல்டிஜிம், அதாவது ஒரே சட்டத்தில் பல பயிற்சிகள் செய்கிற இயந்திரம். விலை 42,000. இரண்டாவது, சாய்வுப் பலகையில் படுத்துக்கொண்டு நம் உடம்பையே மேலும் கீழும் இழுக்கிற வகை. மடித்துக் கட்டிலுக்கடியில் வைக்கலாம், 28,000. மூன்றாவது, சுவரில் மாட்டுகிற மோட்டார் இயந்திரம். அதன் விலை லட்சத்தைத் தாண்டுகிறது, ஆனாலும் தம்பி மகன் அதைத்தான் வாங்கச் சொல்கிறான்.

என் கணவருக்கு 58 வயது, முழங்கால் வலி உண்டு. அவரும் பயன்படுத்த வேண்டும். தளம் தாங்குமா என்று கீழ்வீட்டில் இருக்கும் உரிமையாளர் கேட்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை_பட்டறை எழுதியது:

வணக்கம்ங்க டீச்சர். பம்ப் செட் பட்டறையில் வேலை, வயது 47. 2016-ல் வாங்கிய மல்டிஜிம் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. அதில் பட்ட பாடுகளைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 72 கிலோ. அடுக்கில் எழுதியிருக்கும் எடை உங்கள் கைக்கு அப்படியே வராது. கேபிள் போகும் வழியில் நகரும் புல்லி ஒன்று இருந்தால் கைக்கு வருவது பாதிதான். அடுக்கில் 20 கிலோ தட்டில் முள்ளைச் செருகி இழுத்தால் 10 கிலோ தூக்கிய மாதிரி இருக்கும். இதில் தவறு ஏதும் இல்லை, இயந்திரத்தின் அமைப்பு அது. ஆனால் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஊருக்குப் போகும்போது பெட்டியை நிறுத்துப் பார்க்கிற கைத்தராசு ஒன்று எடுத்துப் போங்கள். கைப்பிடியில் மாட்டி மெதுவாக இழுத்தால் உண்மையான எடை தெரிந்துவிடும். இழுக்கும்போதும் விடும்போதும் எண் மிகவும் வித்தியாசப்பட்டால் புல்லியில் உராய்வு அதிகம். நல்ல இயந்திரத்தில் அந்த வித்தியாசம் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

அடுத்தது கேபிள். என்னுடையது நாலாவது வருடம் அறுந்தது. மேலே இழுக்கும் கம்பி நேராகத் தொடைமேல் விழுந்தது, நல்லவேளை எலும்புக்கு ஒன்றும் இல்லை. வாங்கிய கடையில் கேட்டால் அந்த மாடல் இப்போது வருவதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். நைலான் உறை போட்ட இரும்புக் கயிறு வாங்கி, முனையை நானே பட்டறையில் அழுத்திப் பிடிக்க வைத்தேன். எனக்குத் தெரிந்த வேலை என்பதால் முடிந்தது. அதனால் வாங்குகிற அன்றே ஒரு உபரி கேபிளைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். மாதம் ஒருமுறை உறையை விரலால் தடவிப் பாருங்கள். எங்கேயாவது வெடிப்போ வீக்கமோ தட்டுப்பட்டால் அன்றோடு அந்தக் கேபிளை நிறுத்திவிடுங்கள், மாற்றிய பிறகுதான் மறுபடி உட்கார வேண்டும். எடை ஓடுகிற கம்பிகளுக்கு சிலிக்கான் ஸ்ப்ரே போதும். தையல் மெஷின் எண்ணெயோ கிரீஸோ போட்டால் தூசி ஒட்டிச் சிக்கும்.

வாடகை வீடு என்கிறீர்கள். நாங்கள் வீடு மாறியபோது இதைக் கழற்றி மாட்ட மூன்று பேருக்கு முழுதாக ஒரு நாள் ஆனது. அதையும் கணக்கில் வையுங்கள்.

திருச்சி_சிவில் எழுதியது:

தளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குடியிருப்பு அறைகளுக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ. உங்கள் அறை 90 சதுர அடி, அதாவது 8.4 சதுர மீட்டர். மொத்தத்தில் 1,600 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இயந்திரம் 130 கிலோ, ஆள் 62 கிலோ, நிறைந்த பீரோ ஒரு 200 கிலோ என்று வைத்தாலும் ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளத்துக்கு இது பிரச்சினை இல்லை. பழைய மெட்ராஸ் டெரஸ் மாதிரி மரக்கட்டை வைத்த தளமாக இருந்தால் மட்டும் பொறியாளரை நேரில் வரவழையுங்கள்.

அறையின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக வையுங்கள். கீழே கனமான ரப்பர் மேட் போடுங்கள். சுமையைவிடக் கீழ்வீட்டுக்குத் தொந்தரவு தருவது எடை தொப்பென்று விழும் சத்தம்தான். எதையும் சுவரில் மாட்டுவதாக இருந்தால் ஒன்பது அங்குல செங்கல் சுவரா, நாலரை அங்குலத் தடுப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சி_தமிழன் எழுதியது:

சுவரில் மாட்டும் மோட்டார் வகையில் டோனல் என்கிற இயந்திரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. 2018-ல் வந்தது. மொத்தம் 200 பவுண்டு, சுமார் 90 கிலோ இழுவை தரும். இதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பவுண்டாக ஏற்றலாம் என்பது. அரைக் கிலோகூட இல்லை அது. என் மனைவி தோள் வலிக்குப் பிறகு இப்படித்தான் படிப்படியாக ஏறி வந்தாள். ஆனால் மாதச் சந்தா உண்டு, மின்சாரமும் இணையமும் வேண்டும், பழுதானால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். வாடகை வீட்டில், உங்கள் பட்ஜெட்டில், வேண்டாம் அக்கா.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கோவைத் தம்பி சொன்ன மாதிரி கைத்தராசோடு சனிக்கிழமை கடைக்குப் போனேன். கடைப் பையன்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் அவர்களே ஆர்வமாகப் பிடித்துக்கொண்டார்கள். 42,000 ரூபாய் இயந்திரத்தில் மேலிருந்து இழுக்கும் கம்பிக்கு 20 கிலோ வைத்தால் 21.5 காட்டியது. ஆக அங்கே நகரும் புல்லி இல்லை. கீழ்க்கைப்பிடியில் 11தான் வந்தது.

ஒரு விஷயம் உறுத்துகிறது. அடுக்கில் ஒவ்வொரு தட்டும் 5 கிலோ. நான் 20-ல் இருக்கிறேன். அடுத்த படி 25 என்றால் ஒரே தாவலில் கால் பங்கு கூடுகிறது. ஜிம்மில் 20-லிருந்து 22.5 போகவே மூன்று வாரம் ஆனது எனக்கு. இன்னொன்று, காலுக்கு அதில் இருப்பது உட்கார்ந்துகொண்டு முன்காலை நீட்டுவது மட்டும்தான். அது போதுமா?

நாகர்கோவில்_பிசியோ எழுதியது:

அம்மா, சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். உங்கள் இரண்டு கேள்விகளிலும்தான் விடை இருக்கிறது.

உட்கார்ந்து காலை நீட்டினால் தொடையின் முன்தசை பலப்படும். ஐயாவின் முழங்காலுக்கு அளவோடு செய்தால் அது உதவும். ஆனால் உங்களுக்குக் கவலை இடுப்பெலும்பும் முதுகெலும்பும். நின்றுகொண்டு சுமையைத் தாங்கும்போதுதான் அந்த எலும்புகளுக்கு வேலை வருகிறது. ஆஸ்திரேலியாவில் லிஃப்ட்மோர் என்று ஓர் ஆய்வு நடந்தது. எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள். ஒரு பிரிவினர் எட்டு மாதம், வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் மேற்பார்வையில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் தூக்குவது, தொங்கிக் குதிப்பது என்று கனமாகவே செய்தார்கள். இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பின் அடர்த்தி அவர்களுக்கு 2.9 சதவீதம் கூடியது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்த மற்ற பிரிவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. நீங்கள் நாளைக்கே கனமாகத் தூக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தப் பெண்களும் முதல் மாதம் லேசான எடையில் முறையைப் பழகிய பிறகுதான் ஏற்றினார்கள். சுமை படிப்படியாகக் கூடிக்கொண்டே போக வேண்டும், அதற்கு இடம் தராத இயந்திரத்தில் பணத்தைப் போடாதீர்கள்.

சாய்வுப் பலகையை எடுத்துக்கொள்வோம். கணக்கு டீச்சரிடம் இதைச் சொல்வது எளிது. பலகை 30 டிகிரியில் இருந்தால் சைன் 30, அதாவது உங்கள் எடையில் பாதி, 31 கிலோ. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும்போது முழங்காலுக்குக் கீழே உள்ளது போக மீதி உடம்பு முழுவதையும் தூக்குகிறீர்கள். உங்களுக்கு அது 54 கிலோ வரும். ஆக இரண்டு காலாலும் அந்தப் பலகையில் செய்வதைவிட சாப்பாட்டு மேசை நாற்காலி கனமான பயிற்சி! படுக்கையிலிருந்து எழுந்து தேறி வருகிறவர்களுக்கு அந்தப் பலகை அருமையான சாதனம், என் கிளினிக்கிலும் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அது பத்தாது.

அதனால் காலுக்கு இயந்திரம் தேடாதீர்கள். நாற்காலியும், கையில் பிடிக்க எடையும் போதும். பாத்திரம் கழுவும்போது குதிகாலைத் தூக்கி இறக்கலாம். வீட்டில் எந்தப் பொருளை வைத்தும் சரியாகச் செய்ய முடியாதது இழுக்கும் பயிற்சிதான். மேலிருந்து இழுப்பது, எதிரிலிருந்து இழுப்பது. முதுகு நிமிர்ந்து நிற்பதே அந்தத் தசைகளால்தான். பணத்தை அதற்குச் செலவிடுங்கள். அடுக்கு இல்லாமல், தட்டுகளை நாமே கோத்துக்கொள்ளும் புல்லி ஸ்டாண்டு விற்கிறார்கள். அதில் 1.25 கிலோ தட்டு ஒன்று கோத்தால் 20-லிருந்து 21.25. உங்கள் படி அதுதான். அதே தட்டுகளை டம்பெல் கம்பியிலும் மாட்டலாம்.

ஒரே எச்சரிக்கை. முதுகை வளைத்துக் குனிந்து எடையை எடுக்கவே கூடாது. டெட்லிஃப்டை அந்தப் பெண் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும்போது பழகுங்கள். முன்னால் வளைந்து செய்யும் சிட்அப்பும் வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

சைன் 30-ஐ இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். என் உடம்பை வைத்து ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியது இதுதான் முதல் தடவை. மனம் நிறைந்த நன்றி, டாக்டர்.

தட்டு கோக்கும் புல்லி ஸ்டாண்டு ஒன்று பார்த்துவிட்டேன். நாலடிக்கு மூன்றரை அடி, உயரம் ஆறடி எட்டு அங்குலம். மேலும் கீழும் இழுக்கலாம், ஒரு இருக்கையும் உண்டு. 21,000 ரூபாய். ரப்பர் உறை போட்ட தட்டுகள் 50 கிலோ, அதில் 1.25 கிலோவில் நான்கு. இரண்டு டம்பெல் கம்பி, மேட், உபரி கேபிள் எல்லாம் சேர்த்து 34,500 ஆகிறது. மிச்சப் பணத்தில் பயிற்சியாளரை ஞாயிறு காலையில் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், எட்டு வாரத்துக்கு. ஜிம் அன்றைக்கு விடுமுறை என்பதால் ஒத்துக்கொண்டார்.

என் கணவர் நேற்றிலிருந்தே நாற்காலியில் உட்கார்ந்து எழ ஆரம்பித்துவிட்டார். மேலே ஒரு தலையணை போட்டு உயரம் கூட்டினால் முழங்கால் வலிப்பதில்லை என்கிறார்.

கோவை_பட்டறை எழுதியது:

நல்ல தேர்வுங்க. ஒன்று மட்டும். இந்த ஸ்டாண்டுகளின் சட்டம் லேசு. கீழ்க்கைப்பிடியில் காலை உதைத்து இழுக்கும்போது முன்பக்கமாகச் சாயப் பார்க்கும். உபயோகிக்காத தட்டுகளைப் பின்பக்கக் கொம்பில் மாட்டி வையுங்கள், அதோடு மேல்சட்டத்தைச் சுவரில் இரண்டு ஆங்கர் போல்ட்டால் பிடித்துவிடுங்கள். செங்கல்லில் துளை போடுங்கள், இணைப்புச் சாந்தில் போட்டால் பிடிமானம் இருக்காது.

வைகைக்கரை எழுதியது:

உரிமையாளரிடம் கேட்டுவிட்டேன் தம்பி. ஒன்பது அங்குலச் சுவர்தான். இரண்டு துளைக்குச் சம்மதம், காலி செய்யும்போது அடைத்துப் பெயிண்ட் அடித்துத் தர வேண்டும். அவருடைய மனைவி மாடிக்கு வந்து அறையைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஸ்கேன் எங்கே எடுப்பது என்று கேட்டுப் போயிருக்கிறார். வியாழக்கிழமை பொருள் வருகிறது. தையல் மெஷினை ஹாலுக்கு மாற்றிவிட்டேன்.