கூட்டல் குறியிட்ட கட்டைவிரல்

நூலகத்தின் அரிய நூல்கள் பிரிவில் நான் முதலில் கேட்டு வாங்கியது, 1801இல் லண்டனில் வெளியான இசையமைப்பாளர் முசியோ கிளெமென்டியின் பியானோ பாடநூல். அதிலிருந்த சி மேஜர் ஸ்கேல் என்ற ஸ்வர வரிசையை, எந்த விரலால் வாசிப்பது என்று காட்டும் விரல் எண்களோடு தாளில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தபோது, மூன்றாவது கட்டையிலேயே கை சிக்கிக்கொண்டது. அச்சுப்பிழை என்றே முடிவு செய்துவிட்டேன். மறுமுறை சென்று விரலிடும் முறை பற்றிய பக்கங்களைப் பொறுமையாகப் படித்த பின்னரே விளங்கியது: அக்கால ஆங்கிலேயப் பதிப்புகளில் கட்டைவிரலுக்கு எண் கிடையாது, கூட்டல் குறிதான் உண்டு, ஆள்காட்டி விரல் 1, சுண்டுவிரல் 4. ஆகவே + 1 2 + 1 2 3 4 என்றிருந்த வரிசை, கட்டைவிரலை 1 என்று எண்ணும் இன்றைய முறையில் நான் அன்றாடம் வாசிக்கும் 1 2 3 1 2 3 4 5 தான்.

அதன் பிறகு எந்தப் பழைய பாடநூலை எடுத்தாலும் முன்னுரையைப் படிக்காமல் பயிற்சிகளுக்குப் போவதில்லை. தேடும்போது 'பியானோ' என்ற சொல்லை மட்டும் நம்பினால் முக்கியமானவை விடுபட்டுவிடும். கார்ல் பிலிப் இமானுவேல் பாக் 1753இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் விசைப்பலகைக் கருவிகளைக் குறிக்கும் 'கிளாவியர்' என்ற சொல்லே இருக்கிறது, பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரான் 1716இல் எழுதியதோ பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகார்டுக்கானது. பல பதிப்புகளில் ஆண்டே அச்சிடப்பட்டிருக்காது. பக்கத்தின் அடியில் உள்ள தகட்டு எண்ணை, அதாவது அச்சிடுவதற்காகச் செதுக்கிய உலோகத் தகட்டுக்குப் பதிப்பாளர் இட்ட எண்ணைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம் என்று நூலகர் காட்டித்தந்தார். ஆனால் ஒரே தகட்டிலிருந்து பல ஆண்டுகள் அச்சிட்டார்கள் என்பதால், அந்த எண் தகடு செதுக்கப்பட்ட காலத்தைச் சொல்லுமே தவிர, கையிலிருக்கும் பிரதியின் வயதைச் சொல்லாது.

என்னை மிகவும் கலங்கவைத்தது, லோஜியே என்ற பியானோ ஆசிரியர் 1814இல் காப்புரிமை பெற்ற கைரோபிளாஸ்ட் கருவியின் படம். விசைப்பலகையின் மேல் பொருத்திய சட்டத்துக்குள் மணிக்கட்டையும் விரல்களையும் அடக்கி வைத்துக் குழந்தைகளைப் பழக்கியிருக்கிறார்கள். கை நிலையைத் திருத்த வேண்டும் என்ற அக்கறையில் பிறந்ததுதான் என்றாலும், தோளிலிருந்து கை தளர்ந்து இறங்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட எனக்கு அதை ஏற்க முடியவில்லை.

கிளெமென்டி நூலின் வேறொரு பிரதியை அண்மையில் பார்த்தேன். ஸ்கேல் பக்கம் முழுவதும் கூட்டல் குறிகளைப் பென்சிலால் அடித்து, மேலே 1 என்று யாரோ எழுதியிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அந்தத் திருத்தம் நின்றுபோயிருந்தது.