55 வயதில் பி.எஃப். ஓய்வூதியத்தைத் தொடங்கலாமா, 58 வரை பொறுக்கலாமா? சொந்தத் தொழில் செய்பவன், பெங்களூரு

பீன்யா டர்னர்:
எல்லோருக்கும் வணக்கம். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் 1996 மார்ச் முதல் 2013 மே வரை டர்னராக வேலை பார்த்தேன். விலகியபோது கிடைத்த பி.எஃப். பணத்தில் ஒரு பழைய லேத் வாங்கி, காமாட்சிபாளையத்தில் வாடகைக் கொட்டகை எடுத்து ஜாப் ஒர்க் செய்து வருகிறேன். ஓய்வூதியப் பங்கை மட்டும் கையில் தரவில்லை. பத்து ஆண்டுக்கு மேல் சேவை இருந்ததால் ஸ்கீம் சர்டிபிகேட் என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அது பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இந்த மாதம் எனக்கு 55 முடிந்தது. ஆர்டர் ஒரு மாதம் குவிகிறது, அடுத்த மாதம் காற்று வாங்குகிறது. கொட்டகை வாடகை மட்டும் தேதி தவறுவதில்லை. ஓய்வூதியத்தை இப்போதே தொடங்கினால் குறைத்துத்தான் தருவார்கள் என்கிறார்கள். 58 வரை பொறு என்கிறார் மைத்துனர். 60 வரை தள்ளினால் இன்னும் கூடும் என்கிறார் பக்கத்துக் கொட்டகைக்காரர். ஜி.எஸ்.டி. எண் வைத்துத் தொழில் செய்கிறவனுக்கு ஓய்வூதியமே கிடையாது என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். வருவதை வாங்கி வையுங்கள் என்பது வீட்டில் சொல்லும் யோசனை. யார் சொல்வது சரி? கடைசியாக என் சம்பளத்தில் ஓய்வூதியக் கணக்குக்கு எடுத்துக்கொண்டது 6,500 ரூபாய்.

அல்சூர்வாசி:
அவசரப்படாதீர்கள் அண்ணா. குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 7,500 ஆக்கச் சொல்லிப் போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது. இப்போது தொடங்கினால் பழைய தொகையிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பீன்யா டர்னர் அவர்களுக்கு. நான் மல்லேசுவரத்தில் ஒரு நிறுவனத்தில் சம்பளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். 50 வயதைத் தாண்டியவர், பி.எஃப். பிடிக்கும் நிறுவனத்தில் இப்போது வேலையில் இல்லாதவர், 10 ஆண்டு சேவை உள்ளவர் ஆகிய மூன்றும் பொருந்தினால் முன்கூட்டிய ஓய்வூதியம் கேட்கலாம். உங்கள் கொட்டகையில் என்ன வருமானம் வருகிறது, ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்பதைப் பற்றி அந்தத் திட்டத்திற்குக் கவலையே இல்லை.

இனித் தொகை. இ.பி.எஸ். 95 என்னும் இந்த பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தின் கணக்கு எளிது: ஓய்வூதியச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். உங்களுக்கு 6,500 பெருக்கல் 17, வகுத்தல் 70. வருவது 1,579 ரூபாய். 58இல் தொடங்கினால் மாதாமாதம் இதுதான். அதற்கு முன் தொடங்கினால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு. 55இல் தொடங்கினால் மூன்று ஆண்டுக்கு 12 விழுக்காடு போய், ஏறத்தாழ 1,390 ரூபாய்.

ஆக, பொறுத்தால் மாதம் 189 ரூபாய் கூடுதல். ஆனால் பொறுக்கும் 36 மாதங்களில் நீங்கள் வாங்காமல் விடுவது 50,000 ரூபாய். அந்த ஐம்பதாயிரத்தை மாதம் 189 வீதம் திரும்பச் சேர்க்க 22 ஆண்டு ஆகும். அதாவது உங்கள் 80ஆம் வயதில்தான் இரண்டு வழியும் சமமாகின்றன. அதற்குப் பிறகுதான் பொறுத்தவருக்கு லாபம். சம்பளம் எவ்வளவு என்றாலும் இந்த வயது மாறாது. எத்தனை ஆண்டு முன்னதாகத் தொடங்குகிறீர்களோ அதை 25இலிருந்து கழியுங்கள். 58க்குப் பின் அந்த மீதி ஆண்டுகள் ஆனபிறகுதான் சமன். 60 வரை தள்ளினால் ஆண்டுக்கு 4 விழுக்காடு வீதம் கூட்டித் தருவார்கள், உண்மைதான். 2016இல் வந்த விதி அது. ஆனால் அப்படித் தள்ளியவர் 85 வயது வரை இருந்தால்தான் விட்டதைப் பிடிப்பார்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். அரசு ஊழியர் ஓய்வூதியம் போல இதற்கு அகவிலைப்படி கிடையாது. இன்று 1,390 என்றால் பதினைந்து ஆண்டு கழித்தும் அதே 1,390. அப்படி இருக்கையில் முன்னால் வரும் ரூபாய்தான் கனமானது. என் கணக்கில் உங்கள் வீட்டுக்காரம்மா சொல்வதுதான் சரி.

அல்சூர்வாசிக்கு: 2014 செப்டம்பரில் குறைந்தபட்சத்தை 1,000 ஆக்கியபோது, ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் ஆக்கினார்கள். வராத உயர்வுக்காக வருகிற பணத்தை விட வேண்டாம்.

பீன்யா டர்னர்:
ஐயா, மிக்க நன்றி. 80 வயது என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என் அப்பா 71இல் போய்விட்டார். இரண்டு சந்தேகம் மிச்சம். நான் முன்னால் வாங்கிவிட்டால் எனக்குப் பின் மனைவிக்கு வருவது குறையுமா? வருமான வரி என்ன ஆகும்? தொழில் வருமானத்துக்கு எளிய கணக்குமுறையில் ஆண்டுதோறும் வரிக் கணக்கு தாக்கல் செய்கிறேன்.

இடையில் ஒரு செய்தி. பொம்மசந்திராவில் என் பழைய ஃபோர்மேன் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். சூப்பர்வைசராக வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு மனமில்லை. பன்னிரண்டு ஆண்டாக யாரிடமும் கையெழுத்துப் போட்டு உள்ளே போனதில்லை.

டெல்லிக்காரன்:
ஒரு பங்கை மொத்தமாக எடுத்துக்கொண்டு மீதியை மாதாமாதம் வாங்கலாம் என்று என் பெரியப்பா அப்போது செய்தார். அதைக் கேட்டுப் பாருங்களேன்.

கணக்குப்பிள்ளை:
டெல்லிக்காரரே, அந்த வசதியை 2008இலேயே நிறுத்திவிட்டார்கள். உங்கள் பெரியப்பா காலத்தோடு சரி.

டர்னர் ஐயா, மனைவிக்கு வருவது உங்கள் ஓய்வூதியத்தில் பாதி. பாதி என்றால் 695 அல்லது 790. இரண்டுமே குறைந்தபட்சமான 1,000க்குக் கீழே இருப்பதால் அவருக்கு எப்படியும் 1,000 ரூபாய்தான். முன்னால் தொடங்குவதால் அவருக்கு ஒரு ரூபாயும் குறையாது. பெரிய ஓய்வூதியக்காரருக்குத்தான் இந்தக் கவலை.

வரி விஷயத்தில் உங்களுக்கு ஒரு சின்ன லாபமே இருக்கிறது. இந்த ஓய்வூதியம் வரிக் கணக்கில் சம்பளம் என்ற தலைப்பில் வரும். சம்பளத்துக்கு உண்டான நிலைக்கழிவு, புதிய முறையில் 75,000 ரூபாய் வரை, இதற்கும் கிடைக்கும். உங்கள் ஆண்டு ஓய்வூதியம் 17,000க்கும் குறைவு; அது முழுவதும் அந்தக் கழிவுக்குள் அடங்கிவிடும். தொழில் செய்பவருக்குச் சாதாரணமாகக் கிடைக்காத கழிவு இது. நீங்கள் போடும் நான்காம் எண் படிவத்திலேயே ஓய்வூதியத்துக்கும் இடம் இருக்கிறது.

ஆனால் ஃபோர்மேன் சேதியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். இதுவரை நான் சொன்னதையெல்லாம் புரட்டிப்போடக்கூடியது அது ஒன்றுதான். ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிவிட்டால், பிறகு வேலைக்குப் போனாலும் அந்த ஆண்டுகள் இதில் சேராது. தொடங்காமல் ஸ்கீம் சர்டிபிகேட்டைப் புதிய கம்பெனியில் ஒப்படைத்தால் பழைய 17 ஆண்டோடு புதிய ஆண்டுகள் சேரும். 58க்குள் மூன்று ஆண்டு சேர்ந்து 20 ஆகிவிட்டால், போனஸாக இன்னும் 2 ஆண்டு கூட்டிக் கணக்கிடுவார்கள். ஓய்வூதியக் கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பும் 2014 செப்டம்பரிலிருந்து 15,000. புதிய ஆண்டுகள் அந்த அளவில் கணக்காகும். அப்போது 189 ரூபாய் பேச்சே இல்லை, வேறு கணக்கு. 17க்கும் 20க்கும் இடையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பொம்மசந்திரா கதவு கொஞ்சமாவது திறந்திருக்கிறது என்று மனத்தில் பட்டால் ஓய்வூதிய விண்ணப்பமான 10டி படிவத்தைத் தொடாதீர்கள். அடைத்துவிட்டீர்கள் என்றால் நாளைக்கே போங்கள்.

ஸ்ரீராமபுரம் அக்கா:
தம்பி, கணக்கெல்லாம் ஐயா சொல்லிவிட்டார். தாள் விஷயத்தை நான் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அலைந்தவள் நான். நம்மவர்களுக்கு முதல் இடி பெயரில்தான் விழும். பழைய பி.எஃப். பதிவில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுவதும் பின்னால் நிற்கும். வங்கியில் மூன்றாவது மாதிரி. கர்நாடகத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், அங்கே ஓர் எழுத்து மாறும். சர்டிபிகேட்டையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறந்த தேதியையும்தான். வித்தியாசம் இருந்தால் முதலில் அதைத் திருத்த மனுக் கொடுத்துவிட்டு அப்புறம் 10டி கொடுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நீங்கள் 2013இலேயே விலகிவிட்டதால் யு.ஏ.என். என்னும் நிரந்தர பி.எஃப். எண் இருக்காது, அது 2014இல்தான் வந்தது. ஆகவே தாளில்தான் விண்ணப்பம். கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படம் கேட்பார்கள், கூடுதலாக இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 25 வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் விவரத்தையும் விடாமல் எழுதுங்கள், அவர்களுக்கும் இதில் உரிமை உண்டு. பழைய கம்பெனி மூடிவிட்டால் வங்கி மேலாளரிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கலாம். அலுவலகத்துக்கு நேராகப் போவதற்கு முன், ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி நடக்கும் குறைதீர் முகாமுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நின்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பீன்யா டர்னர்:
அக்கா சொன்னபடியே பார்த்தேன். சர்டிபிகேட்டில் என் பெயரில் ஒரு எழுத்து கூடுதல். அப்பா பெயர் ஆதாரில் வேறு மாதிரி. திருத்த மனு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஃபோர்மேனிடம் நேற்று பேசினேன். மூன்று ஆண்டு உறுதியாக வைத்துக்கொள்வீர்களா, முதல் நாளிலிருந்தே பி.எஃப். பிடிப்பீர்களா என்று கேட்டேன். ஒப்பந்தக்காரர் மூலம் எடுப்போம், பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்போம் என்றார். அப்படியானால் என் லேத்தே போதும் என்று சொல்லிவிட்டேன். பெயர் திருத்தம் முடிந்ததும் 10டி கொடுக்கப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை:
நல்லது. புதுப்பிக்காமல் விட்டால் 20 எட்டாது என்பதைச் சரியாகப் பிடித்தீர்கள். படிவத்தில் முன்கூட்டிய ஓய்வூதியம் எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்று கேட்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். தொகை வரத் தொடங்கியபின் ஆண்டுக்கு ஒருமுறை ஆயுள் சான்று. கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும், நவம்பர் மாதக் கூட்டத்தில் நிற்கத் தேவையில்லை. 2025 ஜனவரியிலிருந்து ஓய்வூதியத்தை எந்த வங்கியிலும் வாங்கலாம் என்றாகிவிட்டது. ஆகவே கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கும் கணக்கையே கொடுங்கள்.