மதியின் மாரத்தான்: வீட்டுக் குழுவில் ஒரு கணக்கு

மதி: சித்தப்பா, முழு மாரத்தானை (42.195 கி.மீ.) 3 மணி 38 நிமிடத்தில் முடிப்பேன் என்று வாட்ச் காட்டுகிறது. அந்த வேகத்திலேயே கிளம்பட்டுமா?

சித்தப்பா: வேண்டாம்மா. அது இதயத்துடிப்பையும் வேகத்தையும் வைத்து ஆக்சிஜன் எடுக்கும் திறனை ஊகிக்கிறது. மணிக்கட்டில் துடிப்பு தவறாகப் பதிவானால் எல்லாமே தவறும். கடைசியாகப் பந்தயத்தில் முழு மூச்சாக ஓடியது எவ்வளவு?

மதி: போன மாதம் 10 கி.மீ. 50 நிமிடம்.

சித்தப்பா: அது போதும். பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் வெளியிட்ட சூத்திரம் ஒன்று உண்டு. புதுத் தூரத்தைப் பழைய தூரத்தால் வகுத்து, 1.06 அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் நேரம் சுமார் 2.085 மடங்கு ஆகும்.

அண்ணி: போட்டுப் பார்த்தேன் மாமா. அரை மாரத்தான் (21.1 கி.மீ.) 1 மணி 50 நிமிடம், முழுசு 3 மணி 50 நிமிடம்.

மதி: அப்போ 3:50!

சித்தப்பா: அரைக்கு 1:50 நம்பலாம். முழுசுக்கு ஒரு கேள்வி. வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறாய்?

மதி: 35 கி.மீ. வரும். நீண்ட ஓட்டம் அதிகபட்சம் 24.

சித்தப்பா: அங்கேதான் இடிக்கிறது. நீண்ட தூரத்துக்கும் சேர்த்துப் பழகியவர்களுக்குத்தான் அந்த 1.06 பொருந்தும். உன் நெஞ்சு 3:50க்குத் தயார், கால் இன்னும் தயாராகவில்லை. தசையில் எரிபொருளாகச் சேர்ந்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் பலருக்கு 30 கி.மீ. வாக்கில் தீர்ந்துபோகும். வேகமாகக் கிளம்பினால் இன்னும் சீக்கிரம் தீரும். அதற்குப் பிறகு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் கூட இழக்க நேரும். அதனால் 1.06க்குப் பதில் 1.10 போட்டுப் பார்.

அண்ணி: 4 மணி 4 நிமிடம்.

மதி: 4 மணிக்குள் முடிக்க ஆசையாக இருந்தது சித்தப்பா 😔

சித்தப்பா: ஆசையை விடாதே. 4 மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி வேண்டும். நீ 5 நிமிடம் 48 விநாடியில் கிளம்பு. 30 கி.மீ. தாண்டியும் தெம்பு இருந்தால் வேகத்தைக் கூட்டிக்கொள். வெயில் ஏறினால் இன்னும் குறை. சூத்திரத்துக்கு வெயிலும் தெரியாது, மேடும் தெரியாது.

அண்ணி: பந்தயத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே மாமா?

சித்தப்பா: ஆமாம், அதுதான் நல்ல செய்தி. நீண்ட ஓட்டத்தை மெதுவாக 30 வரை கொண்டு போகலாம். நான்கு வாரம் முன்னால் ஒரு அரை மாரத்தான் ஓடட்டும். 10ஐ விட 21இலிருந்து கணித்தால் உண்மைக்கு நெருங்கி வரும். அன்று திரும்பக் கணக்குப் போடுவோம்.

மதி: சரி சித்தப்பா. அரை மாரத்தானுக்கு இன்றே பதிவு செய்கிறேன்.

அண்ணி: எனக்கும் சேர்த்துப் போடு மதி. 10 கி.மீ. பிரிவில்.