அடுக்ககத்து வாசலில் நடந்து வருபவருக்கு வழி எது?

தேன்மொழி_மடிப்பாக்கம்:
எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை 11 அடுக்ககங்கள். அவற்றில் ஒன்பதின் வாசலில் கார் ஏறும் சாய்தளம் தெருவுக்குள் நாலடி நீட்டிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கு 74 வயது. அதில் ஏறி இறங்கினால் கால் பிசகும் என்று நடுத்தெருவில் நடக்கிறார், பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது. எங்கள் கட்டடத்திலும் ஒரே கேட்தான். கார் வெளியே வந்தால் பள்ளிப் பிள்ளைகள் பையை அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள்.

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் காருக்கு அளந்து இடம் கொடுக்கின்றன: நிறுத்த 2.5க்கு 5 மீட்டர், ஒருவழியாகப் போய்வர 3.5 மீட்டர். அதே கண்டிப்போடு நடப்பவருக்கும் நாலடியில் தனி வாசல் வேண்டும். சாய்தளம் மனை எல்லைக்குள்ளேயே முடிய வேண்டும். சின்னக் கட்டடத்துக்கும் விலக்கு கூடாது.

கட்டுநர்_வடபழனி:
அம்மாவின் கஷ்டம் புரிகிறது மேடம். ஆனால் ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) மனையில் நின்று பேசுங்கள். முகப்பு 40 அடி. அதற்குள் படிக்கட்டு, லிஃப்ட், மீட்டர் பெட்டி, சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), நாலு கார். தனி வாசல் வைத்தால் ஒரு கார் நிறுத்தம் போகும். அந்தக் கார் எங்கே நிற்கும்? உங்கள் அம்மா நடக்கிற தெருவில்தான்.

சாய்தளம் வெளியே வருவதற்குக் காரணம் நாங்கள் மட்டுமா? பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டார்கள். 2015 வெள்ளத்தில் தரைத்தளத்தை இழந்தவர்கள் ‘ரெண்டடி தூக்கிக் கட்டுங்கள்’ என்றுதான் கேட்கிறார்கள். முன்புறம் விட்ட இடம் 5 அடி. ரெண்டடி ஏற்றத்தை ஐந்தடியில் எப்படி இறக்குவது?

தேன்மொழி_மடிப்பாக்கம்:
பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். அதைக் கேட்டு வாங்க நானும் உங்களோடு வருகிறேன். ஆனால் உங்கள் ரெண்டடியின் சுமையைத் தெருவில் போகிறவர் ஏன் சுமக்க வேண்டும்?

கணக்குக்கு வருவோம். கார் வழி பதினொன்றரை அடி, சின்ன கேட் நாலடி. மீதி 24 அடிக்கு மேல் இருக்கிறதே.

சைட்_இன்ஜினியர்:
இருவர் சொல்வதிலும் பாதி சரி. வண்டிச் சாய்தளம் 1:8 என்றால் ரெண்டடிக்கு 16 அடி நீளம் வேண்டும். முன்புறத்தில் முடியாது, ஸ்டில்ட்டுக்குள், அதாவது தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் தரைத்தளத்துக்குள், முடியும். கார் நிற்கிற தரை முழுவதையும் ஏன் தூக்க வேண்டும்? லிஃப்ட், மீட்டர் பெட்டி, சம்ப்பின் வாய், படிக்கட்டின் அடி, இவற்றை மட்டும் உயர்த்துங்கள். கார் தரை தெரு மட்டத்திலிருந்து மெதுவாக உள்ளே ஏறட்டும்.

கட்டுநர்_வடபழனி:
காருக்குள் தண்ணீர் போனால் நீங்கள் பதில் சொல்வீர்களா சார்? புயல் எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். மழைக்கு அவ்வளவு பயந்தவர்களிடம் தாழ்ந்த ஸ்டில்ட்டை விற்க முடியாது.

சக்கரநாற்காலி_அண்ணாநகர்:
ஒரு விஷயம் விட்டுப்போகிறது. எனக்கு 1:8 ஆகாது, 1:12 வேண்டும். ரெண்டடிக்கு 24 அடி, கைப்பிடியோடு. நான் இருக்கும் கட்டடத்தில் கார் சரிவில்தான் என்னை ஏற்றுகிறார்கள். வாட்ச்மேன் பின்னாலிருந்து தள்ளுவார். போன வாரம் மழையில் அவர் செருப்பு வழுக்கியது, நாற்காலி பின்னோக்கி ஓடிக் கேட்டில் மோதி நின்றது. கார் தரை தெரு மட்டத்தில் தொடங்கினால் எனக்கு வேண்டிய அந்த 24 அடிக்கு ஸ்டில்ட்டுக்குள்ளேயே இடம் கிடைக்கும். அதனால் இன்ஜினியர் சார் பக்கம் நிற்கிறேன்.

கட்டுநர்_வடபழனி:
வருத்தமாக இருக்கிறது சார். சின்ன கேட் வைக்கிறேன், அடுத்த பிளானிலேயே. ஆனால் தரையைத் தாழ்த்தச் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ரோடு உயரம் இனி ஏறாது என்று எழுத்தில் கொடுக்கட்டும், அப்புறம் பேசலாம்.

தேன்மொழி_மடிப்பாக்கம்:
கேட் வைப்பதற்கு நன்றி. ஆனால் அதற்குள் பைக்கை நிறுத்தினால் பயனில்லை, பிளானில் நடைவழி என்று கோடு போட்டுக் காட்டுங்கள்.

சாய்தளம் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நடைபாதை 1.8 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பு 2012-லேயே எழுதிவிட்டது. பாதசாரிகளுக்கு முதலிடம் தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி ஏற்றது 2014-ல். எங்கள் தெருவில் ஒன்பது சாய்தளம் இன்னும் அப்படியே கிடக்கிறது. ஒவ்வொன்றையும் அளந்து, படம் எடுத்து, வார்டு அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கிறேன். எங்கள் கட்டடத்துச் சாய்தளமும் அதில் உண்டு.