முதிரைப் படிக்கட்டின் கைப்பிடி ஆடுகிறது: எப்படிப்பட்ட ஓடாவியை (தச்சரை) பிடிப்பது?

கொக்குவில் மருமகள்:

மாமனார் 1958 இல் கட்டிய மேல்மாடி வீடு எங்களுடையது. படிக்கட்டு முழுக்க முதிரை மரம். கைப்பிடியைத் தாங்கும் கடைசல் தூண்கள் குத்துவிளக்குத் தண்டுபோல் இடுப்புச் சிறுத்து அழகாக இருக்கும். இப்போது அடித்தூணைப் பிடித்து அசைத்தால் கைப்பிடி மேல்வரை ஆடுகிறது. நான்காவது படியில் கால் வைத்தால் முனகுகிறது. சாமி அறை மேலே. மாமிக்கு 81 வயது. யார் தடுத்தாலும் காலையில் பூத்தட்டோடு ஏறிவிடுவார்.

இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலாமவர் விறாந்தையில் நின்றபடியே பார்த்து, "உரஞ்சிப் பொலிஷ் அடித்தால் புதிதாகிவிடும், பாதிப் பணம் முற்பணமாகத் தாருங்கள்" என்றார். கைப்பிடியில் கைகூட வைக்கவில்லை. இரண்டாமவர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, துருப்பிடிக்காத இரும்புக் கம்பியும் மாபிளும் போடச் சொன்னார். கழற்றும் பழைய மரத்தைக் காசு வாங்காமல் தானே அப்புறப்படுத்துவாராம். அந்தத் தாராளத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

பணம் அனுப்பப்போகிறவர் கனடாவில் இருக்கும் மைத்துனர். "மூன்று பேரிடம் விலை கேட்டு அனுப்புங்கள் அண்ணி" என்கிறார். விலை கேட்பதற்கு முன் வேறு என்ன கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

ஊரெழு வாசி:

அக்கா, இரண்டாமவர் சொன்னதுதான் சரி. கம்பி போட்டால் கறையான் பயமில்லை, வருடா வருடம் பூசவும் தேவையில்லை. நாங்கள் போட்டோம், நிம்மதியாக இருக்கிறோம்.

பழைய கதியால்:

தம்பி ஊரெழு, உங்கள் வீட்டில் என்ன மரம் இருந்ததோ தெரியாது. முதிரையைக் கழற்றி எறியச் சொல்பவரைப் படலைக்கு வெளியே அனுப்ப வேண்டும். அதன் வைரத்தை, அதாவது உள்மரத்தை, கறையான் இலேசில் தொடாது. இன்று அந்தத் தடிப்பில் முதிரைப் பலகை தேடினால் வன்னிக் காட்டு மரத்துக்கு அனுமதிப்பத்திரம், அது இது என்று அலைய வேண்டும்.

பிள்ளை, உங்களுக்குத் தேவை இரண்டு வேலை. ஆட்டத்தை நிறுத்துவது ஓடாவியின் வேலை, மினுக்குவது பொலிஷ்காரரின் வேலை. இரண்டையும் ஒருவரே செய்யலாம், ஆனால் முதலாவது முடிந்து நீங்கள் ஆட்டிப் பார்த்த பிறகே இரண்டாவது தொடங்க வேண்டும். ஆடும் கைப்பிடிக்கு வார்னிஷ் அடித்தால் ஆட்டம் நிற்காது, மூட்டில் இருக்கும் வெடிப்புத்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

என் தகப்பனார் ஓடாவி. ஒரு படிக்கட்டைப் பார்க்கப் போனால் முதலில் அடியில் குனிந்து பார்ப்பார். நல்ல ஆளை அதைக்கொண்டே கண்டுபிடிக்கலாம். படிக்குக் கீழே போகிறாரா, தட்டிச் சத்தம் கேட்கிறாரா, அடித்தூணின் பாதத்தைக் குத்திப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். எங்கள் ஊரில் சீமெந்து நிலத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தால் தூணின் பாதம் வருடக்கணக்கில் ஈரம் குடிக்கும். மேலே கல்லுப் போல் இருக்கும் மரம் அடியில் உக்கிப் போயிருக்கும். திருப்புளியால் நீங்களே குத்திப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் உளு, மரத்தை அரிக்கும் வண்டு. அது பெரும்பாலும் மரத்தின் வெள்ளைப் பகுதியோடு நிற்கும்.

முனகும் படிக்கு மேலிருந்து ஆணி அறைய ஒருவரையும் விடாதீர்கள். பலகை தாங்குமரத்திலிருந்து சற்று விலகி, மிதிக்கும்போது பழைய ஆணியில் உரசுவதால்தான் அந்தச் சத்தம். கீழிருந்து ஆப்பு வைத்துப் பசையிட்டு, துளை போட்டுத் திருகாணி முடுக்க வேண்டும். துளை போடாமல் அடித்தால் முதிரையில் ஆணி வளையும், அல்லது பலகை வெடிக்கும். கழன்ற கழுந்துகளில் (துளைக்குள் செருகும் மரமுனைகளில்) பழைய வச்சிரப் பசை இருந்தால் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், அதன்மேல் இப்போதைய மரப்பசை சரியாகப் பிடிக்காது.

மூட்டு வேலையை நாட்சம்பளத்துக்குக் கொடுங்கள். திறந்து பார்க்காமல் அதன் அளவை யாராலும் சொல்ல முடியாது. முன்கூட்டியே சொல்பவர் தன் பாதுகாப்புக்கு இரண்டு மடங்கு சொல்வார். பொலிஷைக் கொந்தராத்தாகக் கொடுக்கலாம்: எத்தனை பூச்சு, எந்தப் பொருள், ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் உரஞ்சுவாரா என்று தாளில் எழுதி வாங்குங்கள். பொருளை நீங்களே கடையில் வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

பழைய பூச்சு எதுவென்று அறிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட துணியை ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பொலிஷ். கைப்பிடிக்கு அதையே திரும்பப் போடலாம், முதிரையின் பொன்னிறம் அதில்தான் எழும்பும். கால் படும் படிக்கு அது தாங்காது, பொலியூரித்தேன் வார்னிஷ் போடுங்கள், மினுக்கம் குறைந்ததாகப் பார்த்து.

வேலையை மாசி, பங்குனியில் வையுங்கள். வாடைக்காற்றும் மழையும் உள்ள மாதங்களில் அரக்குப் பொலிஷ் ஈரம் பிடித்து வெளுக்கும். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் காயாத பூச்சில் புழுதி ஒட்டும்.

மருந்துச்சாலை:

படிகளிலோ தூண்களிலோ பழைய பெயின்ட் ஏதாவது இருக்கிறதா அக்கா? இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை நனைக்காமல் இயந்திரத்தால் உரஞ்சினால் ஈயத்தூள் வீடெங்கும் பரவக்கூடும், சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் கூடாது. ஈரப்படுத்தித்தான் உரஞ்ச வேண்டும். முதிரைத் தூளே சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். மாமியை அந்த நாட்களில் வேறு வீட்டில் விடுவது நல்லது. இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட விடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடச் சொல்லுங்கள்.

கொக்குவில் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. பெயின்ட் தூண்களில் மட்டும், வெள்ளை, யார் அடித்தார்களோ தெரியாது. ஐயா சொன்னபடி அடித்தூணைக் குத்தினேன், திருப்புளி ஒரு விரற்கடை உள்ளே போய்விட்டது. படியில் ஸ்பிரிட் வைத்தால் பிசுபிசுக்கவில்லை, மெழுகு மாதிரி வழுக்குகிறது. மாமி பண்டிகைக்குப் பண்டிகை நிலத்துக்குப் போடும் மெழுகைப் படிக்கும் தேய்ப்பார். தூண் முழுவதையும் மாற்ற வேண்டுமா ஐயா?

பழைய கதியால்:

வேண்டாம். உக்கிய பாதத்தை மட்டும் அறுத்து, சரிவாக வெட்டிய புது முதிரைத் துண்டைப் பசையும் மரமுளையும் வைத்துப் பொருத்தலாம். பழைய கதவு நிலைகளை விற்கும் இடங்களில் காய்ந்த துண்டு கிடைக்கும். பாதம் நிலத்தைத் தொடாதபடி அடியில் சிறு பித்தளைத் தகடு வைக்கச் சொல்லுங்கள்.

மெழுகுதான் பெரிய வில்லங்கம். அதை டர்பன்டைனால் முழுக்கத் துடைத்து எடுக்காவிட்டால் எந்த வார்னிஷும் பிடிக்காது, சில மாதங்களில் தோல் உரிவதுபோல் வரும். மாமியிடம் மெழுகு டப்பாவை வாங்கி ஒளித்து வையுங்கள். படி வழுக்காமல் இருப்பதுதான் அவருக்கும் நல்லது.

கொக்குவில் மருமகள்:

டப்பா சாமி அறையில் இருக்கிறது. மைத்துனரையே தொலைபேசியில் சொல்லச் சொல்கிறேன், நான் சொன்னால் மாமி கேட்கமாட்டார். சுன்னாகத்தில் ஒரு வயதான ஓடாவியார் ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தொலைபேசியில் விலை சொல்லவில்லை, "படிக்கு அடியில் புகுந்து பார்க்க வழி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். அங்கே அடுக்கியிருக்கும் பழைய பெட்டிகளை இப்போது வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறோம்.